சாரத்தில் ஏறுமுன் ஒரு பாடம்

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர், அங்கே இறங்கிய இரண்டு வாரத்துக்குள் ஒரு வகுப்பறைக்குப் போயாக வேண்டும். கட்டுமானப் பாதுகாப்பு வகுப்பு அது. தேர்வில் தேறினால்தான் வேலை அனுமதி அட்டை கைக்கு வரும். மூன்று மாதத்துக்குள் தேறாவிட்டால் அனுமதியே ரத்தாகலாம். தொழிலாளர்களின் வாயில் அதற்குப் பெயர் 'சேஃப்டி கோர்ஸ்'. புதுக்கோட்டைக்காரருக்கும் அரியலூர்க்காரருக்கும் அந்த வகுப்பு தமிழில் நடக்கிறது. வங்கதேசத்துக்காரருக்கு வங்காளத்தில், சீனருக்குச் சீனத்தில். பெல்ட்டின் கொக்கியை எதில் மாட்டலாம், எதில் மாட்டக் கூடாது, கிரேன் தூக்கும் பாரத்துக்கு அடியில் ஏன் நிற்கக் கூடாது, மூடிய தொட்டிக்குள் இறங்கும் முன் யாரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் தாய்மொழியில் கேட்கிறார். கேள்விக்குப் பதிலையும் தாய்மொழியிலேயே சொல்கிறார்.

அதே நாளில் பிகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ சென்னை சென்ட்ரலில் வந்து இறங்கும் இளைஞருக்கு என்ன சொல்லப்படுகிறது, எந்த மொழியில் சொல்லப்படுகிறது?

பெரிய நிறுவனங்களின் கட்டுமானக் களங்களில் ஏதோ ஒன்று நடக்கிறது. கன்டெய்னர் அறையில் உட்காரவைத்து ஒரு காணொளி காட்டுவார்கள். ஹெல்மெட், பளபளக்கும் மேல்சட்டை கொடுப்பார்கள். பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். துணை ஒப்பந்தக்காரரின் கீழே, அவருக்கும் கீழே இருக்கும் ஆள் பிடிப்பவரிடம் வந்து சேர்கிறவருக்கு அதுவும் அரிது. காலை ஆறு மணிக்கு ஆள் எடுக்கும் முனையில் நின்றவர், எட்டு மணிக்குச் சாரத்தின் மேல் நிற்கிறார். மேஸ்திரியின் தமிழ் அவருக்குப் பாதிதான் புரியும். மீதியைக் கையசைவில் ஊகித்துக்கொள்ள வேண்டும். 'பிடி' என்பதற்கும் 'விடு' என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் உயிர் தொங்கும் இடத்தில் ஊகம் போதாது.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்தில் இருந்த இரும்புச் சாரம் சரிந்து 9 பேர் இறந்தார்கள். வேலை தேடி அசாமிலிருந்து வந்தவர்கள் அவர்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தக் கசடில் மூழ்கி மாண்டார்கள். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் நொறுங்கி விழுந்து 61 பேர் போனார்கள். ஆந்திரம், ஒடிசா, தமிழ்நாடு என்று பல ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் அதில் சிதைந்தன. பதினோரு ஆண்டு இடைவெளியில் நடந்த இந்த மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு. இறந்தவர்களில் பலர் தாங்கள் உழைத்த மண்ணின் மொழி பேசாதவர்கள்.

தமிழர் கடல் கடந்து போய் உழைக்கும் இடத்தில் தமிழில் பாதுகாப்புப் பாடம் கிடைப்பது நல்ல செய்தி. அந்த நல்ல செய்தியே தமிழ்நாட்டின் முன் ஒரு கடமையை வைக்கிறது. இங்கே வந்து உழைப்பவருக்கு இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் அசாமியிலும் தெலுங்கிலும் அதே பாடத்தைத் தரும் கடமை அது. தமிழில் கேட்டால் புரிந்திருக்கும் தமிழ்நாட்டுச் சித்தாளுக்கும் கொத்தனாருக்கும்கூட அந்தப் பாடம் இன்னும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிங்கப்பூர் பிறவியிலேயே பாதுகாப்பான ஊராக இருந்ததில்லை. 2004இல் அங்கே ஒரு லட்சம் தொழிலாளருக்கு 4.9 பேர் வேலையிடத்தில் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி மெட்ரோ சுரங்கத்துக்காகத் தோண்டிய சுமார் 30 மீட்டர் ஆழப் பள்ளத்தின் தாங்கு சட்டங்கள் முறிந்து, நெடுஞ்சாலையே உள்வாங்கியது. நான்கு பேர் இறந்தனர். காலையிலிருந்தே உலோகம் முறுகும் சத்தம் கேட்டிருந்தது, சட்டங்கள் வளைந்திருந்தன, மண் நகர்வதை அளவுக் கருவிகள் பல வாரங்களாகக் காட்டிவந்தன. ஹெங் இயோ பியாவ் என்ற போர்மேன் தன் ஆட்களை மேலே ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் கடைசியாக நின்றார். அவர் உடல் கிடைக்கவே இல்லை.

அந்த விபத்தை விசாரித்த குழு வடிவமைப்புப் பிழையையும், அபாய அறிகுறிகளை அலட்சியம் செய்ததையும் வெளிப்படையாகச் சொன்னது. 2006இல் புதிய பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. விபத்துக்குப் பிறகு தண்டிப்பதோடு நிற்காமல், அபாயத்தை முன்கூட்டியே கணக்கிட்டு நீக்கும் பொறுப்பை முதலாளி மீதும் வடிவமைப்பாளர் மீதும் அச்சட்டம் வைத்தது. 2023இல் இறப்பு விகிதம் லட்சத்துக்கு 0.99. இடையில் 2022இல் இறப்பு 46 ஆக உயர்ந்தபோது, அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து 2023 மே வரை 'உச்ச எச்சரிக்கைக் காலம்' அறிவித்தார்கள். பெரிய விபத்து நடந்து, நிறுவனத்தின் பக்கம் தவறு தெரிந்தால், மூன்று மாதம் வரை புதிதாக வெளிநாட்டு ஆட்களை எடுக்கத் தடை இருந்தது. நிறுவனத் தலைவரே அமைச்சகத்தின் முன் வந்து விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கட்டுமான நிறுவனத்துக்கு ஆள் வரத்து நின்றால் வேலை நின்றுபோகும். அபராதத்தைவிட அது ஆழமாக உறைக்கும். 2024இல் எண்ணிக்கை மறுபடி 43 ஆக ஏறியது. ஒருமுறை பிடித்துக் கீழே இறக்கிய விகிதம் அங்கேயே இருந்துவிடாது என்பதற்கு அதுவே சான்று.

அங்கும் குறை உண்டு. முகவருக்குக் கொடுத்த பணத்துக்காக ஊரில் நிலத்தையோ நகையையோ அடகு வைத்துவிட்டுப் போனவர், "இந்தச் சாரம் ஆடுகிறது, ஏற மாட்டேன்" என்று சொல்லத் தயங்குவார். வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும்; கடன் மட்டும் நிற்கும். வகுப்பறையில் கற்ற பாடத்தை வேலையிடத்தில் வாய் திறந்து சொல்ல முடியாதபடி செய்வது கடன். லாரியின் பின்தட்டில் உட்காரவைத்துத் தொழிலாளர்களைக் கொண்டுசெல்லும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லிப் பல ஆண்டுகளாக அங்கே குரல்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. இவ்வளவையும் தெரிந்துகொண்டே அந்த முன்மாதிரியை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. நாட்டின் தொழிலகப் பாதுகாப்புச் சட்டங்களில் பலவும் ஏதோ ஒரு பெருவிபத்தின் நினைவைச் சுமந்து நிற்பவை. 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் மெத்தில் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு, அந்த ஆலையின் உள்நிலவரம் வெளியே வந்தது. குளிரூட்டும் அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. ஆட்கள் குறைக்கப்பட்டிருந்தார்கள், பயிற்சி சுருக்கப்பட்டிருந்தது. இந்தி பேசும் தொழிலாளர்கள் இயக்கிய ஆலையின் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. ஈரத்துணியை முகத்தில் போர்த்திக்கொள்ளுங்கள் என்ற ஒற்றை வரியைக்கூடச் சுற்றிலும் குடியிருந்த மக்களுக்கு யாரும் முன்பே சொல்லி வைத்திருக்கவில்லை.

1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் புதிய பகுதிகள் சேர்க்கப்பட்டன. ஆபத்தான செய்முறை உள்ள ஆலையின் முதலாளி, அதிலுள்ள அபாயங்களைத் தொழிலாளருக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் தெரிவித்தே ஆக வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாகத் தோன்றினால், தொழிலாளி அதை மேலதிகாரியிடமும் ஆய்வாளரிடமும் சொல்லலாம். தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, கண்காணிப்பு ஆகியவை முதலாளியின் பொதுக் கடமை என்று எழுதப்பட்டது.

சுரங்கத் தொழில் இதில் இன்னும் மூத்தது. 1966ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளின்படி, பயிற்சி முடிக்காமல் ஒருவரைச் சுரங்க வேலையில் இறக்கக் கூடாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபயிற்சியும் உண்டு. மீட்புப் பணிக்கென்றே பயிற்சி பெற்ற குழுக்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் அத்துறையில் இருக்கிறது. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சஸ்னாலா சுரங்கத்தில் பழைய சுரங்கத்தின் நீர் உடைத்துக்கொண்டு புகுந்து ஏறத்தாழ 375 பேரை விழுங்கியது. மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் மகாபீர் சுரங்கத்தில் 1989 நவம்பரில் அதேபோல் நீர் புகுந்து 71 பேர் சிக்கினார்கள். 6 பேர் மூழ்கினார்கள். மீதி 65 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஜஸ்வந்த் சிங் கில் என்ற சுரங்கப் பொறியாளர், துளையிட்ட குழி வழியாக இறங்கக்கூடிய ஓர் இரும்புக் கூண்டைச் செய்யவைத்து, அதில் தாமே முதலில் இறங்கி, ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். அவருடைய துணிச்சல் பலராலும் பேசப்பட்டது. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் சுரங்கத்தின் வரைபடம் தெரிந்த, காற்றின் தன்மை தெரிந்த, மீட்புப் பயிற்சி பெற்ற ஒரு மனம் இருந்தது என்பதையும் பேச வேண்டும்.

கட்டுமானத்துக்கு வந்தால் இந்த ஒழுங்கு கரைந்துபோகிறது. கட்டுமானத் தொழிலாளருக்கென 1996இல் சட்டம் வந்தது. பாதுகாப்பு விதிகளும் வந்தன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 250 பேர் வேலை செய்யும் கட்டுமானக் களத்தில் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்கிறது. முன்பு இந்த வரம்பு 500. இது முன்னேற்றம்தான். ஆனால் தாம்பரத்திலும் கோவையிலும் ஓசூரிலும் எழும் நான்கு மாடிக் குடியிருப்புகளில் எத்தனை இடங்களில் 250 பேர் வேலை செய்கிறார்கள்? சாதாரணமாக இருபதோ முப்பதோ பேர்தான் இருப்பார்கள். பத்துப் பேருக்கும் குறைவான கூட்டம் என்றால் சட்டத்தின் பார்வையே படுவதில்லை. விழுகிறவர்கள் விழுவதும், மின்கம்பியில் இரும்புக் கம்பி உரசிக் கருகுகிறவர்கள் கருகுவதும் பெரும்பாலும் இந்தச் சின்னக் களங்களில். அவை செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரியாக முடிந்துபோகின்றன.

நடக்கிற பயிற்சியிலும் ஒரு பெரும் பழுது இருக்கிறது. அது கையெழுத்துக்காக நடக்கிறது. 'பாதுகாப்பு அறிவுரை வழங்கப்பட்டது' என்று பதிவேட்டில் ஒரு பத்தி. அதன் கீழே முப்பது கையெழுத்துகள், பத்துக் கைநாட்டுகள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போட்ட அந்தக் கையெழுத்து, விபத்துக்குப் பிறகு தொழிலாளிக்கு எதிராகவே திரும்புகிறது. "நாங்கள் சொல்லிக் கொடுத்தோம், அவர்தான் பெல்ட் மாட்டவில்லை" என்று நிறுவனம் சொல்வதற்கு அந்தத் தாள் சாட்சியாகிறது. பயிற்சி என்ற பெயரில் பொறுப்பு மேலிருந்து கீழே கைமாற்றப்படுகிறது. இந்த நாட்டின் பாதுகாப்பு வகுப்புகளில் மாற வேண்டியது எது என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், அது இதுதான்.

உருப்படியான பயிற்சி எப்படி இருக்கும்? பெல்ட்டை உடம்பில் மாட்டி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொங்கவிட வேண்டும். தொடைப் பட்டை தளர்வாக இருந்தால் என்ன ஆகும் என்று உடம்பே சொல்லிவிடும். விழுந்து பெல்ட்டில் தொங்குகிறவரை அப்படியே விட்டால் கால்களில் ரத்தம் தேங்கி, நிமிடக் கணக்கில் உயிருக்கே ஆபத்தாகும் என்பதும் அப்போதுதான் புரியும். உயரத்தில் ஏற்றுவதற்கு முன் இறக்குவதற்கும் ஒரு வழி யோசித்து வைக்க வேண்டும் என்பது மேஸ்திரிக்கும் உறைக்கும். பள்ளம் தோண்டுகிறவரிடம் ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன் எடை என்று சொல்ல வேண்டும். நெஞ்சளவு மண் சரிந்தாலே ஏன் மூச்சுவிட முடியாது, ஆள் உயரப் பள்ளத்துக்கு ஏன் பலகை அடைக்க வேண்டும் என்பதை அவர் அதன் பிறகு மறக்க மாட்டார்.

கழிவுநீர்த் தொட்டியின் பாடம் இன்னும் நுட்பமானது. அதிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும் கணம்தான் கொல்லும் கணம். உள்ளே ஒருவர் சுருண்டு விழுந்ததும் அண்ணனோ தம்பியோ கூட்டாளியோ கயிறுகூட இல்லாமல் பின்னாலேயே குதிக்கிறார். பிறகு மூன்றாமவர் குதிக்கிறார். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. தமிழ்நாட்டுச் சாயப்பட்டறைகளிலும் தோல் பதனிடும் ஆலைகளிலும் குடியிருப்புத் தொட்டிகளிலும் இதே காட்சி திரும்பத் திரும்ப நடக்கிறது. பாதுகாப்புக் கருவிகள் இன்றி மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவது சட்டப்படி குற்றம் என்றாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தச் சட்டத்தை அமலாக்குவது முதல் வேலை. அதுவரை, 'பாசம் இருந்தால் இறங்காதே, வெளியே நின்று உதவி கூப்பிடு' என்று சொல்லித் தர ஒருவர் தேவை.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் ஏற்பட்ட வெடிவிபத்தில் 40 பேர் அளவில் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். முதல் புகையைப் பார்த்து, உதவவும் பார்க்கவும் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். அடுத்து வெடித்த கிடங்கு அவர்களைக் கொண்டுபோனது. விருதுநகர் மாவட்டத்தில் பாதுகாப்பு வகுப்புகள் நடக்கின்றன. மருந்துக் கலவை பற்றி அங்குள்ள தொழிலாளிக்குத் தெரியாதது குறைவு. உராய்வு ஆகாது, இரும்புக் கருவி ஆகாது, நைலான் சேலை ஆகாது, நேற்று மிஞ்சிய மருந்தை இன்று தொடக் கூடாது, ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தெரிந்தும் ஏன் மீறப்படுகிறது? எண்ணிக்கைக்குக் கூலி. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவியும். உரிமம் பெற்றவர் அறைகளைச் சட்டவிரோதமாக உள்குத்தகைக்கு விட, குத்தகை எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க விரட்டுவார். அந்த அறையில் எட்டுப் பேர், மரத்தடியில் இன்னும் நான்கு பேர் என்று உட்காரவைப்பது கூலி முறை. பாடம் தெரியாமை அல்ல. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் பேசப்பட்டது இந்த உள்குத்தகைதான்.

ஆகவே பயிற்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அபாயத்தை முற்றாக நீக்குவது முதல் வழி. அபாயம் குறைந்த பொருளுக்கோ முறைக்கோ மாறுவது அடுத்தது. தடுப்பு, வலை, தானியங்கி நிறுத்தம் போன்ற பொறியியல் ஏற்பாடு அதற்கடுத்தது. பயிற்சியும் விதிமுறையும் நான்காவது. ஹெல்மெட்டும் பெல்ட்டும் கடைசி. பாதுகாப்புத் துறையில் உலகெங்கும் ஏற்றுக்கொண்ட வரிசை இது. நம் களங்களில் இது தலைகீழாக நிற்கிறது. கடைசியில் இருப்பதைக் கொடுத்துவிட்டு முதலாவதை மறந்துவிடுகிறார்கள். மௌலிவாக்கத்தில் கட்டமைப்பே பலவீனமாக இருந்தது. அங்கு இறந்த 61 பேரும் உலகத் தரமான பயிற்சி பெற்றிருந்தாலும், ஒருவர்கூடப் பிழைத்திருக்க மாட்டார். நெய்வேலி இரண்டாவது அனல் மின் நிலையத்தில் 2020 மே 7 அன்று ஒரு கொதிகலன் வெடித்தது. சரியாக 55 நாள் கழித்து, ஜூலை 1 அன்று, அதே நிலையத்தில் இன்னொரு கொதிகலன் வெடித்து அன்றே 6 பேர் இறந்தார்கள். தீக்காயங்களோடு மருத்துவமனையில் கிடந்தவர்கள் அடுத்த நாட்களில் ஒவ்வொருவராகப் போனார்கள். அவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். முதல் விபத்திலிருந்து பாடம் கற்றிருக்க வேண்டியவர்கள் நிர்வாகத்தினர்.

பயிற்சியின் உண்மையான சோதனை, பயின்றவர் வேலையை நிறுத்த முடிகிறதா என்பதில் இருக்கிறது. 2013 ஏப்ரல் 23 அன்று வங்கதேசத்தின் சாவரில் ராணா பிளாசா கட்டடச் சுவர்களில் பெரிய விரிசல்கள் தெரிந்தன. கீழ்த்தளத்திலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களில் தைத்துக்கொண்டிருந்த பெண்களும் விரிசலைப் பார்த்தார்கள், பயந்தார்கள். மறுநாள் காலை உள்ளே போகாவிட்டால் சம்பளம் போகும் என்று மிரட்டி ஏற்றினார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். விரிசல் ஆபத்து என்று அறிவதற்கு அவர்களுக்கு எந்த வகுப்பும் தேவைப்படவில்லை. மறுக்கும் உரிமைதான் இல்லாமலிருந்தது. அதன் பின் பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், பாதுகாப்பற்ற வேலையை மறுக்கும் உரிமை எழுத்தில் இடம்பெற்றது. உடனடியான கடும் ஆபத்திலிருந்து விலகிச் சென்ற தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு உடன்படிக்கை அப்போதே சொல்லியிருந்தது. நம் சட்டம் தொழிலாளிக்குத் தருவது ஆபத்தை முதலாளியின் கவனத்துக்குக் கொண்டுவரும் உரிமை. கவனத்துக்குக் கொண்டுவந்த பிறகு அவர் அங்கேயே நிற்க வேண்டுமா, இறங்கிவிடலாமா? கூலி வெட்டப்படாமல் இறங்கிவிடலாம் என்று சட்டமே தெளிவாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் சொல்லித் தரும் முதல் வரியாகவும் அது இருக்க வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். நம் கட்டுமானத்தின் பாரத்தில் பெரும்பகுதி சித்தாளின் தலையில் ஏறுகிறது. சும்மாடு கட்டிச் சாந்துச் சட்டி சுமக்கும் தலையில் ஹெல்மெட் எப்படி நிற்கும்? சேலையின் மேல் தொடைப் பட்டை எப்படி மாட்டுவது? ஆண் காலளவுக்குச் செய்த பாதுகாப்புக் காலணி அவர் காலில் எப்படி ஒட்டும்? தலைச்சுமையை ஒழித்துச் சின்ன லிஃப்ட்டோ தள்ளுவண்டியோ வைப்பதுதான் இங்கே சரியான பாதுகாப்பு. பாடம் எழுதுகிறவர் ஒருநாள் சித்தாள்களோடு உட்கார்ந்து பேசினால் இது தானாகத் தெரியும். பயிற்சிப் படங்களில் எல்லா உருவமும் சட்டை, பேன்ட் போட்ட ஆணாகவே இருப்பது, அப்படி யாரும் உட்கார்ந்து பேசவில்லை என்பதைக் காட்டுகிறது.

செய்வதற்கு வழி இல்லாமல் இல்லை. பணமும் இருக்கிறது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலத்துக்கான மேல்வரியாக வசூலாகிறது. நாடெங்கும் இந்தப் பணம் செலவிடப்படாமல் தேங்கிக் கிடப்பதையும், தொழிலாளருக்கு அல்லாத காரியங்களுக்குத் திருப்பிவிடப்பட்டதையும் 2018இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. தமிழ்நாட்டில் 1994 முதலே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இயங்கிவருகிறது. நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் இருக்கிறது. மருத்துவத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோன மாநிலம் இது. 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று வேலையிடத்துக்கே ரத்த அழுத்தம் பார்க்கப் போன அனுபவமும் சேர்ந்திருக்கிறது. அதே வண்டியில், அதே பாதையில் ஒரு பயிற்றுநரையும் அனுப்பலாம். முப்பது பேர் வேலை செய்யும் சின்னக் களத்துக்கு வகுப்பறை தானாக வராது; யாராவது கொண்டுபோக வேண்டும்.

பயிற்றுநருக்கு ஆள் எங்கே என்று கேட்பவர்கள் புதுக்கோட்டை, சிவகங்கை, அரியலூர், பெரம்பலூர் பக்கம் போய்ப் பார்க்கலாம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சாரம் கட்டுவதில், தூக்கு எந்திரத்துக்குச் சைகை காட்டுவதில், சேஃப்டி சூப்பர்வைசர் வேலையில் சான்றிதழ் வாங்கியவர்கள். காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் 'டூல்பாக்ஸ் மீட்டிங்'கில் அன்றைய ஆபத்து என்ன என்று தினமும் பேசிப் பழகியவர்கள். இங்கே திரும்பியதும் அந்தச் சான்றிதழ் பெட்டிக்குள் போகிறது. அவர் பெட்டிக்கடை வைக்கிறார், அல்லது பழைய கொத்து வேலைக்கே வெறுங்காலோடு திரும்புகிறார். அதே மனிதர், அதே கை. அங்கே கொக்கி மாட்டாமல் ஓரடி வைக்காதவர், இங்கே சவுக்குக் கம்பில் கால் வைத்து ஏறுகிறார். ஒழுங்கு அவர் கையில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் ஏற்பாடு இங்கே இல்லை. இவர்களைத் தேடி எடுத்து, நல்ல சம்பளம் கொடுத்து, பயிற்றுநராக்கினால் வாரியத்துக்கு இதைவிட நல்ல செலவு இராது. கூடவே, இங்கே பல ஆண்டுகளாக வேலை செய்து தமிழும் பேசப் பழகிவிட்ட பிகார், ஒடிசா மேஸ்திரிகளையும் சேர்த்துக்கொண்டால், மொழிச் சிக்கலும் தீரும்.

தொடங்க வேண்டிய இடமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 118.9 கிலோமீட்டர் நீளத்துக்குச் சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் எழுந்துகொண்டிருக்கிறது. பாலங்கள், மின் நிலையங்கள், குடியிருப்பு வாரிய அடுக்ககங்கள் என்று அரசே முதலாளியாக இருக்கும் களங்கள் ஏராளம். ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே சில நிபந்தனைகளைச் சேர்க்க அரசுக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். களத்தில் நிற்கும் ஒவ்வொருவரும், துணை ஒப்பந்தக்காரரின் ஆள் உட்பட, தன் தாய்மொழியில் பயிற்சி பெற்று, செய்துகாட்டித் தேறியிருக்க வேண்டும். பயிற்சி நாளுக்கும் கூலி உண்டு. சரிபார்ப்பது ஒப்பந்தக்காரர் அல்லாத ஓர் அமைப்பு. ஆபத்தைக் கண்டு வேலையை நிறுத்தியவரின் கூலியைப் பிடித்தால் ஒப்பந்தத் தொகையில் பிடித்தம் விழும். உயிர்ப்பலி நேர்ந்து அலட்சியம் உறுதியானால், அடுத்த சில மாதங்களுக்கு அந்த நிறுவனம் எந்த அரசு ஒப்பந்தப்புள்ளியிலும் கலந்துகொள்ளக் கூடாது. எண்ணூரில் 9 பேர் இறந்ததும் அரசுப் பணத்தில் எழும் ஒரு மின் நிலையத்தில்தான். இந்த நிபந்தனைகளை அடுத்து வெளிவரும் முதல் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பிலேயே சேர்க்கலாம்.